டாக்டர்களுக்குப் பாடம் சொல்லும் டாக்டர்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம்!

பரேலில் 2005-ம் ஆண்டு தொடங்கிய முயற்சி

சயான் ஆஸ்பத்திரிக்குப் போகாத தாராவித் தமிழர் உண்டா? பிரசவத்துக்குப் போயிருப்பார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குப் போயிருப்பார்கள். ஒன்றும் இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரரை டாக்சியில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரையாவது தள்ளியிருப்பார்கள்.

அங்கே காலை நேரத்தில் வார்டுக்குள் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். பெரிய டாக்டர் வருகிறார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து இளைஞர்கள், இளம்பெண்கள். எல்லார் கழுத்திலும் ஸ்டெதஸ்கோப், கையில் நோட்டு. ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று போகிறார்கள். கேஸ் பேப்பரைப் புரட்டுகிறார்கள். பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறார். ஒரு பையன் விழிக்கிறான். இன்னொரு பெண் பதில் சொல்கிறாள்.

"என்னைச் சுற்றி இத்தனை டாக்டரா? பெரிய வியாதியாகத்தான் இருக்கும் போலிருக்கிறதே!" என்று நம்மவர்கள் கலங்கிப் போவதும் உண்டு. கலங்க வேண்டாம். அது வகுப்பு. கட்டிலில் படுத்திருக்கும் நாம்தான் பாடப் புத்தகம்!

1947-ம் ஆண்டில் பழைய ராணுவக் கொட்டகைகளில் வெறும் 10 படுக்கைகளுடன் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. 1964-ல் அதோடு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. அன்று முதல் அங்கே உள்ள பெரிய டாக்டர்களுக்கு மூன்று வேலை. நோயாளியைப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். ரெசிடென்ட் டாக்டர்கள், சிஸ்டர்கள், வார்டு பாய்கள், குமாஸ்தாக்கள் அடங்கிய ஒரு பெரும்படையை நடத்திச் செல்லவும் வேண்டும்.

முதல் வேலையை அவர் பத்து வருஷம் படித்துக் கற்றுக்கொண்டார். மற்ற இரண்டையும் அவருக்குக் கற்றுக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்விக்கு நீண்ட காலம் வரை ஒரே பதில்தான் இருந்தது: யாரும் இல்லை!

புசாவல் பயிற்சி

மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நம் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவர் அதிகாரி ஆக வேண்டும் என்றால் பரீட்சை உண்டு, பயிற்சி உண்டு. வங்கி அதிகாரிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 1954-ம் ஆண்டில் பம்பாயில் ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. மத்திய ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குப் புசாவல் பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உயர்நிலைப் பள்ளி வாத்தியார்கூட பி.எட். முடிக்காமல் வகுப்பில் கால் வைக்க முடியாது.

மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கு? எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்திருந்தால் போதும். முந்தின நாள் வரை ரெசிடென்ட் டாக்டராக இருந்தவர், மறுநாள் ஆசிரியர் ஆகிவிடுவார். தமக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே அவரும் சொல்லிக் கொடுப்பார். தம்மை எப்படித் திட்டினார்களோ அப்படியே திட்டுவார். வருஷங்கள் ஓடும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் சேரும். உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆவார், பேராசிரியர் ஆவார், ஒருநாள் துறைத் தலைவர் நாற்காலி காலியாகும், அதில் உட்காருவார். அதிர்ஷ்டம் இருந்தால் டீன்!

நல்ல நெசவாளி நல்ல ஜாபராகவும் இருப்பான் என்று பரேல் மில்களில் யாராவது உத்தரவாதம் கொடுத்திருப்பார்களா? தறி ஓட்டுவது ஒரு வேலை. தறி ஓட்டும் நாற்பது பேரிடம் வேலை வாங்குவது வேறு வேலை. ஆபரேஷன் மேஜையில் கை நடுங்காத நிபுணர், தம் கீழே வேலை செய்யும் இரண்டு பேருக்குள் வந்த சண்டையைத் தீர்க்கத் தெரியாமல் தடுமாறுவதை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். ஆஸ்பத்திரி என்ன, எந்த ஆபீசிலும் பார்க்கலாம்!

தடுமாற்றம் அந்த அறையோடு நின்றுவிட்டால் கவலை இல்லை. அது வார்டுக்கு வருகிறது. மிரட்டி வளர்க்கப்பட்ட மாணவன் டாக்டர் ஆனதும் நோயாளியை மிரட்டுகிறான். கேள்வி கேட்டால் அவமானப்படுத்தும் ஆசிரியரிடம் படித்தவன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பயப்படுகிறான். மருந்துச் சீட்டில் அந்தப் பயம் எங்கே போய் முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜீவராஜ் மேத்தாவின் கல்லூரி

இதற்கு ஒரு வழி காணும் முயற்சி, நம் மும்பையில், அதே பரேலில்தான் தொடங்கியது. இடம்: கே.இ.எம். ஆஸ்பத்திரியோடு இணைந்த சேத் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரி. ஜி.எஸ். மெடிக்கல் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

அந்தக் கல்லூரியின் கதையே தலைமையைப் பற்றிய கதைதான். அந்தக் காலத்துப் பம்பாயில் மருத்துவக் கல்லூரி என்றால் கிராண்ட் மருத்துவக் கல்லூரி. அங்கே பெரிய பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கு. எத்தனை படித்த இந்திய டாக்டரானாலும் ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. கோர்தன்தாஸ் சுந்தர்தாசின் சொத்துக்குப் பொறுப்பாளர்களாக இருந்தவர்கள், புதிய கல்லூரிக்குப் பணம் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். தகுதி பெற்ற இந்தியர்களையே பேராசிரியர்களாக வைக்க வேண்டும்; அவர்கள் அரசு உத்தியோகத்தில் இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும்! 1926-ம் ஆண்டு ஆஸ்பத்திரியும் கல்லூரியும் திறக்கப்பட்டன. முதல் டீன் டாக்டர் ஜீவராஜ் மேத்தா. காந்தியடிகளுக்கு மருத்துவம் பார்த்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். பின்னாளில், 1960-ல், குஜராத்தின் முதல் முதல்-மந்திரி ஆனவர்.

இந்தியர்களால் மருத்துவக் கல்லூரி நடத்த முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அன்று பரேல் பதில் சொன்னது.

பிலடெல்பியாவில் இருந்து பரேலுக்கு

இனி 2005-க்கு வருவோம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 'பைமர்' என்று ஒரு நிறுவனம் 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டில் படித்துவிட்டு அமெரிக்காவில் வேலை பார்க்க வரும் டாக்டர்களுக்குத் தகுதிப் பரீட்சை நடத்தும் அமைப்புதான் இதன் தாய். வளரும் நாடுகளில் இருந்து டாக்டர்கள் அமெரிக்காவுக்கு வந்துகொண்டே இருக்கிறார்களே, அவர்களை உருவாக்கும் கல்லூரிகளுக்கு நாம் என்ன செய்கிறோம் என்ற எண்ணம் இதில் இருந்தது. 2001-ம் ஆண்டு முதல் பல நாட்டு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைப் பிலடெல்பியாவுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியாவில் இருந்தும் போனார்கள்.

போய் வந்தவர்கள் எண்ணிக்கை கொஞ்சம். காத்திருப்பவர்கள் எண்ணிக்கை ஏராளம். பிலடெல்பியா போக விசா வேண்டும், டிக்கெட் வேண்டும், லீவு வேண்டும். நம் ஊரிலேயே நடத்தினால் என்ன?

நடத்தினார்கள். 2005-ல் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் பைமர் வட்டார மையம் தொடங்கியது. வழிநடத்தியவர் டாக்டர் அவினாஷ் சுபே. குடல், கல்லீரல் அறுவைச் சிகிச்சை நிபுணர். சயான் ஆஸ்பத்திரிக்கும் கே.இ.எம். ஆஸ்பத்திரிக்கும் பின்னாளில் டீனாக இருந்தவர். அடுத்த ஆண்டே, 2006-ல், லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் டாக்டர் தேஜிந்தர் சிங் தலைமையில் இரண்டாவது மையம். 2007-ல் மூன்றாவது மையம். அது எங்கே தெரியுமா? நம் கோயம்புத்தூரில்! பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில், சமுதாய மருத்துவப் பேராசிரியர் டாக்டர் தாமஸ் சாக்கோ தலைமையில்.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பூளைமேட்டு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள், சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அதில் பிறந்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். அது எந்த ஆண்டு? 1926! பரேலில் கே.இ.எம். திறந்த அதே ஆண்டு.

பதினாறு பேர், இரண்டு வருஷம்

பயிற்சி எப்படி நடக்கிறது?

ஓர் ஆண்டுக்கு 16 பேரைத்தான் எடுப்பார்கள். பயிற்சிக் காலம் இரண்டு வருஷம். வேலையை விட வேண்டியதில்லை. முதல் ஆண்டில் சில நாட்கள் மையத்துக்கு நேரில் வந்து தங்க வேண்டும். பிறகு அவரவர் ஊருக்குத் திரும்பி, அவரவர் கல்லூரியிலேயே ஒரு சீர்திருத்தத்தைச் செய்து காட்ட வேண்டும். அந்த ஒரு வருஷ காலமும் இன்டர்நெட் வழியாக 16 பேரும் பேசிக்கொள்வார்கள். மறு ஆண்டு மீண்டும் நேரில் வந்து, செய்ததைப் பலர் முன்னால் விளக்க வேண்டும். அப்போது புதிதாக அடுத்த 16 பேர் வந்திருப்பார்கள். அவர்களுக்கு இவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பாடம் சொல்லும் முறை, பரீட்சை வைக்கும் முறை, கல்வி ஆராய்ச்சி ஆகியவற்றோடு தலைமையும் நிர்வாகமும் இங்கே ஒரு முக்கியப் பாடம். மற்றப் பயிற்சிகளில் இருந்து இது வேறுபடும் இடம் அதுதான்.

தலைமையைச் சொல்லிக் கொடுக்க முடியுமா, அது பிறவியிலேயே வரவேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும்.

ஓர் உதவிப் பேராசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயல்முறைப் பரீட்சையை மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. பழைய முறையில் ஒரு மாணவனுக்கு ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். அவன் பரிசோதித்துச் சொல்வதை வைத்து மார்க். ஒருவனுக்குச் சுலபமான நோயாளி கிடைப்பார். இன்னொருவனுக்கு வாயே திறக்காத நோயாளி. ஒரு பரீட்சகர் தாராளம். இன்னொருவர் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பார். பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்.

இதற்கு மாற்றாக ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் பேராசிரியர் ரொனால்டு ஹார்டன் 1975-ம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டார். 'ஆஸ்கி' என்று அதைச் சொல்வார்கள். வரிசையாகப் பல மேஜைகள். ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒன்றில் எக்ஸ்ரேயைப் படிக்க வேண்டும். ஒன்றில் ஒரு தாயிடம் குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எப்படி என்று விளக்க வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேஜை. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். பரீட்சகர் கையில் ஒரு பட்டியல். செய்தால் டிக், செய்யாவிட்டால் இல்லை.

நல்ல முறைதான். நம் உதவிப் பேராசிரியை அதைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோகிறார். அவர் என்ன சொல்வார்? "இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் பரீட்சை நடத்துகிறோம். நாங்கள் எல்லாம் டாக்டர் ஆகவில்லையா, அம்மா?"

பெரும்பாலும் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். உதவிப் பேராசிரியை மனம் கசந்து தம் அறைக்குத் திரும்புவார். அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

பயிற்சி பெற்றவர் இதை வேறு விதமாகச் செய்வார். முதலில் ஒரு தாளை எடுத்து, இந்த மாற்றத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எழுதுவார். துறைத் தலைவர். மற்ற ஆசிரியர்கள். மேஜை போட இடம் கொடுக்க வேண்டிய சிஸ்டர் இன்-சார்ஜ். மேஜையைத் தூக்கிவர வேண்டிய வார்டு பாய். மார்க் தாள் அச்சடிக்க வேண்டிய குமாஸ்தா. பயந்து போயிருக்கும் மாணவர்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும்: இவருக்கு இதில் என்ன லாபம், என்ன நஷ்டம், எதிர்த்தால் எவ்வளவு பலம்?

பிறகு முதல் வருஷமே பல்கலைக்கழகப் பரீட்சையில் கை வைக்காமல், உள்தேர்வு ஒன்றில் நாலே நாலு மேஜை போட்டுப் பார்ப்பார். மிகவும் எதிர்த்த மூத்த ஆசிரியரையே "சார், முதல் மேஜைக்கு நீங்கள்தான் பரீட்சகராக இருக்க வேண்டும்" என்று அழைப்பார். பரீட்சை முடிந்ததும் மாணவர்கள் கருத்தை எழுதி வாங்குவார். அந்தக் காகிதங்களோடு மறுபடியும் துறைத் தலைவர் அறைக்குப் போவார்.

இந்தத் தாளும் பேனாவும் வைத்துப் போடும் கணக்கைத்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். யூனியன் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும்! படித்த டாக்டர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். அவர்கள் படித்த புத்தகங்களில் இது இல்லை.

தாராவிப் பாட்டியும் பேரனும்

இதெல்லாம் கல்லூரிக்குள் நடக்கும் விவகாரம். நமக்கென்ன என்று கேட்கலாம்.

தாராவி 60 அடி ரோட்டில், சயான் மருத்துவக் கல்லூரியின் நகர்ப்புறச் சுகாதார மையம் இருக்கிறது. 'சோட்டா சயான்' என்று நம்மவர்கள் சொல்லும் இடம். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு பாட்டி இது போன்ற இடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான். எதிரில் இருக்கும் பயிற்சி டாக்டருக்கு மராத்தியும் இந்தியும். நடுவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன்.

"ஏல, டாக்டரம்மாட்ட சொல்லுல... நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையுது, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது, எந்திச்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் தேவலை."

பேரன் யோசிக்கிறான். 'பிசையுது' என்பதற்கு இந்தியில் என்ன? "சாத்தி மே தர்த் ஹை" என்கிறான். நெஞ்சு வலி என்று ஆகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் தேவலை என்ற பகுதி காணாமலே போய்விட்டது. இதயம் பலவீனப்பட்டிருக்கிறதோ என்று டாக்டரைச் சந்தேகப்பட வைக்கும் முக்கியமான தடயம் அதுதான்!

டாக்டர் அவசரப்பட்டால் அதோடு முடிந்தது. "பாட்டி இவ்வளவு நேரம் பேசினார்களே, நீ இரண்டு வார்த்தைதான் சொன்னாய். மீதி என்ன?" என்று பேரனைக் கேட்கப் பழகிய டாக்டராக இருந்தால் கதை வேறு. அந்தப் பழக்கம் தானாக வராது. யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதை ஒரு பாடமாக வைக்க வேண்டும், பரீட்சையில் அதற்கு மார்க் வேண்டும் என்று யாராவது கல்லூரியில் போராடியிருக்க வேண்டும்.

2019-ம் ஆண்டு நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றப்பட்டது. நோயாளியிடம் பேசும் முறை, நடந்துகொள்ளும் முறை, நெறிமுறை ஆகியவை 'ஏட்காம்' என்ற பெயரில் தனிப் பாடமாக வந்தன. இந்திய டாக்டர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, சிகிச்சை அளிப்பவர் என்பதோடு, மருத்துவக் குழுவின் தலைவர் மற்றும் உறுப்பினர், நன்றாகப் பேசத் தெரிந்தவர், வாழ்நாள் முழுவதும் படிப்பவர், தொழில் ஒழுக்கம் உள்ளவர் என்று ஐந்து பாத்திரங்களை அந்தப் பாடத்திட்டம் சொல்கிறது. மாணவனுக்கே தலைமை ஒரு பாடம் ஆகிவிட்டது. சொல்லிக் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அதன் பிறகு வந்த மாதங்களை நாம் மறக்கவில்லை. மும்பையின் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் கண் டாக்டர், தோல் டாக்டர், எலும்பு டாக்டர் என்று வித்தியாசம் இல்லாமல் ரெசிடென்ட்களைக் கொரோனா வார்டுகளுக்கு அனுப்பினார்கள். தம் துறையைச் சேராத, முன்பின் தெரியாத, பயந்து போயிருந்த இளம் டாக்டர்களை வைத்து வார்டு நடத்த வேண்டிய நிலை மூத்தவர்களுக்கு. அங்கே தேவைப்பட்டது நுரையீரல் பற்றிய அறிவு மட்டுமா?

ஜி.எஸ். கல்லூரி இன்னொரு வேலையும் செய்தது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு ஆசிரியர்களை வழிகாட்டிகளாக நியமித்தார்கள். வெளியூரில் இருந்து வந்து, ஆஸ்டலில் தனியாக அழும் பிள்ளைக்குப் போய்ப் பேச ஓர் ஆள் வேண்டாமா? செம்பூரில் இருந்து பிள்ளையை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, ராகிங் பயத்தில் தூக்கம் இழந்த பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.

விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் யார்?

ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்பதே பரேலில்தான் பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரி ஜிப்மரில் 1975-ம் ஆண்டே, உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. 1997-ம் ஆண்டு விதிகளில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவக் கல்விப் பிரிவு இருக்க வேண்டும் என்றார்கள். பல இடங்களில் அது பெயர்ப் பலகையும் பூட்டிய அறையுமாகவே இருந்தது. 2022-ம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி முடிக்காமல் பதவி உயர்வு கிடையாது. இது நல்ல காரியம்.

ஆனால் அந்த அடிப்படைப் பயிற்சி சில நாட்களில் முடிவது. பாடம் சொல்லும் முறையை அதில் தொட்டுக் காட்டலாம். ஒரு துறையை நடத்தும் கலையை அதற்குள் அடைக்க முடியாது. துறைத் தலைவர் ஆவதற்கோ டீன் ஆவதற்கோ தலைமைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. வங்கியும் ரயில்வேயும் செய்வதை மருத்துவக் கல்லூரி செய்யக் கூடாதா என்பதே நம் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2014-ல் இந்தியாவில் இருந்த மருத்துவக் கல்லூரிகள் 387. எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 51 ஆயிரம். 2024-ல் கல்லூரிகள் 780. இடங்கள் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம். தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம், அரியலூர், கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பூர், திருவள்ளூர், நீலகிரி.

ஊரில் ஆஸ்பத்திரி பெரிதாகிவிட்டது, இனி மதுரைக்கு ஓட வேண்டியதில்லை என்று மும்பையில் இருக்கும் ராமநாதபுரத்துக்காரர் சந்தோஷப்படுவார். நியாயம்தான். ஆனால் 11 கல்லூரி என்றால் 11 டீன் வேண்டும். கல்லூரி ஒன்றுக்கு இருபது துறை என்று வைத்தாலும் 220 துறைத் தலைவர்கள். கட்டடத்தைக் காண்டிராக்டர் இரண்டு வருஷத்தில் கட்டிவிடுவார். துறைத் தலைவரை எந்தக் காண்டிராக்டர் கட்டுவார்? பரேலில் 16 பேர், லூதியானாவில் 16 பேர், கோவையில் 16 பேர் என்ற கணக்கு இந்தப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர் ஒரு புதிய முறையைக் கல்லூரியில் கொண்டுவந்து, இரண்டு வருஷம் பாடுபட்டு நிலைநிறுத்துவார். அந்தச் சமயம் பார்த்து மாற்றல் உத்தரவு வரும். அவரோடு அந்த முறையும் போய்விடும். அலமாரியில் பழைய மார்க் தாள்கள் மட்டும் இருக்கும். ஒரு கல்லூரியில் இருந்து ஒருவரை மட்டும் அனுப்பினால் இப்படித்தான் ஆகும். நாலைந்து பேரையாவது அடுத்தடுத்து அனுப்பி, அவர்கள் ஒரு குழுவாக நின்றால்தான் ஒருவர் போனாலும் வேலை நிற்காது. தனி ஆளை நம்பி எதுவும் ஓடக் கூடாது என்பது அந்தப் பயிற்சியிலேயே சொல்லும் விஷயம்தான். அனுப்பி வைக்கும் நிர்வாகத்தின் காதில் அது விழ வேண்டும்.

நர்சுகளுக்கும் இடம் உண்டு

கடைசியாக நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு செய்தி. நர்சிங் படித்துவிட்டு நர்சிங் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியையாக இருக்கும் தமிழ்ப் பெண்கள் மும்பையிலும் உண்டு, ஊரிலும் உண்டு. பிசியோதெரபி, பல் மருத்துவம் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. இந்த வகைப் பயிற்சிகள் எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆசிரியர்களுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட வேண்டாம். பைமர் வட்டார மையங்கள் பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி ஆசிரியர்களுக்கும் கதவைத் திறந்தன. அங்கே அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரும் நர்சிங் ஆசிரியையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவர் திட்டத்தை ஒருவர் குறை சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சிஸ்டரிடம் நின்று பேசக்கூட நேரம் இல்லாத பெரிய டாக்டருக்கு, அந்த ஒரு மேஜையே பாதிப் பயிற்சி.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள், கல்லூரியில் என்ன சீர்திருத்தம் செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும். 'பாடத்தைச் சுவையாக நடத்துவேன்' என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த வகுப்பு, எத்தனை மாணவர்கள், எத்தனை மாதம், பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது என்பது வரை இருக்க வேண்டும். வேலையில் இருந்து விடுவிக்கச் சம்மதம் என்று கல்லூரித் தலைமையிடம் கடிதமும் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்துக்காக முதல்வர் அறை வாசலில் இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேரலாம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய் நிற்பது நல்லது.